5ஜி வந்தது; உம்மாவின் பட்டன் போனுக்கும் விலை ஏறியது

அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் ஒரு ரீசார்ஜ் கடை இருக்கிறது. போன வாரம் அங்கே எங்கள் தெருவைச் சேர்ந்த வயதான தாய் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பழைய பட்டன் போன். மகனுக்குச் சென்னை மண்ணடியில் கடை வேலை. இஷாவுக்குப் பிறகு அவர்தான் கூப்பிடுவார். இந்த உம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. மணி அடித்தால் எடுத்துப் பேசுவார், அவ்வளவுதான் அந்த போனின் வேலை.

"வேலிடிட்டி முடிஞ்சிருச்சு உம்மா. 199 போட்டாத்தான் இன்கமிங் வரும். ரெண்டு ஜிபி நெட்டும் இருக்கு" என்றார் கடைக்காரத் தம்பி.

"நான் நெட்டே பாக்குறதில்லையே வாப்பா. எனக்கு எதுக்கு ரெண்டு ஜிபி?"

அந்தத் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க" என்று கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. பட்டப் படிப்பில் பொருளாதாரப் பாடம் படித்தவன்தான். ஆனாலும் அந்த உம்மா கேட்ட அளவுக்கு நேரான கேள்வி எந்தத் தேர்வுத் தாளிலும் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்கு வந்து பழைய கணக்குகளைப் புரட்டியபோது, பதில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தொடங்குகிறது என்று தெரிந்தது. இதில் ஃபத்வா எதுவும் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 28 நாளுக்கு ஒருமுறை போகும் காசின் கணக்கு மட்டும்தான்.

காற்றை ஏலம் விட்ட கதை

செல்போன் பேச்சும் இணையமும் ரேடியோ அலைகளில்தான் போகின்றன. ஒரே அலைவரிசையில் இரண்டு கம்பெனிகள் இறங்கினால் ஒன்றையொன்று குழப்பிவிடும். அதனால் எந்த அலைவரிசை யாருக்கு என்பதை அரசு பிரித்துக் கொடுக்கிறது. இதைத்தான் அலைக்கற்றை என்கிறோம். ஊர்ப் பொது நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு. குத்தகைத் தொகை கூடினால் விளைச்சலின் விலையும் கூடும்.

இந்தியாவில் 3ஜி முதலில் அரசு நிறுவனங்கள் கையில்தான் வந்தது. 2008 டிசம்பரில் டெல்லியில் எம்டிஎன்எல், 2009 பிப்ரவரியில் சென்னையில் பிஎஸ்என்எல். தனியாருக்கான ஏலம் 2010 ஏப்ரல் 9 அன்று தொடங்கியது. 34 நாட்கள், 183 சுற்றுகள். நாடு முழுவதற்குமான ஒரு 3ஜி உரிமத்தின் விலை 16,750 கோடி ரூபாயில் போய் நின்றது. அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 2008-இல், நாடு முழுவதற்குமான 2ஜி உரிமம் 1,658 கோடிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். 2ஜி ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி இழப்பு என்று தணிக்கை அதிகாரி அந்த ஆண்டு இறுதியில் சொன்ன எண்ணுக்கும் இந்த 3ஜி ஏல விலைதான் அளவுகோலாக இருந்தது. அதன் பிறகு தமிழக அரசியலில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. அது தனிக் கதை.

நமக்கு வேண்டியது அந்த விலையின் பின்விளைவு. இரண்டு ஏலங்களிலும் சேர்த்து 35,000 கோடி கிடைக்கும் என்று அரசு எதிர்பார்த்தது. 3ஜி ஏலத்தில் மட்டும் 67,719 கோடி வந்தது. அடுத்து நடந்த பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் 38,000 கோடிக்கு மேல். அரசின் நிதிப் பற்றாக்குறை அந்த ஆண்டு மூச்சு விட்டது. ஆனால் எந்தத் தனியார் நிறுவனத்தாலும் 22 வட்டங்களிலும் 3ஜி அலைக்கற்றை வாங்க முடியவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு நிறுவனம் கட்டவேண்டிய தொகை 1,464.94 கோடி. ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் கட்டின. அதுவும் தவணை கிடையாது, முழுத் தொகையும் முன்பணமாக. நிறுவனங்கள் வங்கிகளை நோக்கி ஓடின.

கடன் வாங்கிக் கட்டிய பணத்தை மக்களிடமிருந்துதானே எடுக்கவேண்டும்? பேக் போடாமல் 3ஜி பயன்படுத்தினால் 10 கேபிக்கு 10 பைசா என்று விலை வைத்தார்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத தொகை போலத் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய், ஒரு ஜிபிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்! 2012 மே மாதத்தில் 10 கேபிக்கு 3 பைசா என்று குறைத்தபோதும் ஒரு ஜிபி மூவாயிரத்தைத் தாண்டியது. பேக் போட்டால் இதைவிட மிகக் குறைவுதான். ஆனாலும் போன் வாங்கியதும் வீட்டில் முதலில் சொல்லித்தரும் பாடம் "நெட்டை ஆஃப் பண்ணி வை" என்பதாகத்தான் இருந்தது. கை தவறிப் பட்டன் பட்டால் பேலன்ஸ் காலி என்று பயந்த காலம் அது. விளம்பரத்தில் கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேசினார்கள். வளைகுடாவில் இருந்த நம் வீட்டு ஆண்களோ அட்டை வாங்கிச் சுரண்டி, நிமிடத்தை எண்ணிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மக்கள் வாங்காத பொருளில் லாபம் வராது. 3ஜிக்காகப் போட்ட பணம் எதிர்பார்த்த வேகத்தில் திரும்பவில்லை. தனியாருக்கு ஏலத்தில் வந்த அதே விலையைப் பிஎஸ்என்எல்லும் கட்டவேண்டியிருந்தது. 3ஜிக்கு மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் கொடுத்தது. தானாகத் தேர்ந்து ஏலம் கேட்கும் உரிமையும் இல்லாமல், மற்றவர்கள் ஏற்றிவிட்ட விலையைக் கட்டிய நிறுவனம் அது. 2009-10 நிதியாண்டில் நட்டத்துக்குள் போன பிஎஸ்என்எல் பிறகு நிமிர்வதற்கு ஆண்டுகள் பல ஆயின.

இலவசமும் ஏர்செல்லும்

2010 ஜூனில் நடந்த பிராட்பேண்ட் ஏலத்தில் இன்ஃபோடெல் என்ற, அதுவரை பலரும் கேள்விப்படாத சிறு நிறுவனம் 22 வட்டங்களையும் 12,848 கோடிக்கு எடுத்தது. முடிவு வந்த அன்றே முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் அதன் 95 சதவீதப் பங்கை வாங்கியது. அதிலிருந்து வந்ததுதான் ஜியோ. இடையில் ஏர்டெல் 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் 4ஜி சேவையைத் தொடங்கினாலும், நம் வீடுகளுக்குள் 4ஜி நுழைந்தது 2016 செப்டம்பர் 5-க்குப் பிறகுதான்.

அந்த மாதங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆதார் நகலோடு சிம்முக்கு வரிசை. டிசம்பர் 31 வரை எல்லாம் இலவசம் என்றார்கள், பிறகு அதை 2017 மார்ச் 31 வரை நீட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் பத்துக் கோடி வாடிக்கையாளர்கள். அதற்கு முன் ஒரு ஜிபிக்கு 200, 250 ரூபாய் கேட்டவர்கள் ஐம்பதுக்குக் கீழே இறங்கி வந்தார்கள். இதில் நமக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஜித்தாவிலும் குவைத்திலும் இருந்த மகனின் முகத்தைத் தினமும் பார்க்கும் பாக்கியம் பல தாய்மார்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. 2017 செப்டம்பரில் சவூதி அரேபியாவும் இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையைத் தளர்த்தியது. இரண்டும் சேர்ந்து, கடிதமும் கேசட்டும் அனுப்பி வளர்ந்த குடும்பங்களின் வாழ்க்கையையே மாற்றின.

ஆனால் இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிடத் தெளிவாகப் பார்த்தது, ஏர்செல் வழியாக.

ஏர்செல் 1999-இல் தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். தொடங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபர் சிவசங்கரன். பின்னர் மலேசியாவின் மாக்சிஸ் கைக்கு மாறியது. நம் ஊர்களில் முதல் சிம் ஏர்செல்லாக இருந்த வீடுகள் ஏராளம். இந்த நிறுவனம் 3ஜிக்காக 13 வட்டங்களில் 6,499 கோடி, பிராட்பேண்ட் அலைக்கற்றைக்காக 3,400 கோடிக்கு மேல் கொடுத்திருந்தது. கடன் கழுத்து வரை. அந்த நேரத்தில் எதிரே ஒருவர் எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் என்ன செய்வது? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் முயற்சியும் 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் தமிழகமெங்கும் ஏர்செல் சிக்னல் போனது. மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

அந்த நாட்களில் ஏர்செல் கடைகள் முன்னால் கூடிய கூட்டத்தில் நானும் ஒருவன். எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம்தான். ஆனால் அதற்கு 'போர்ட்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். குறுஞ்செய்தி அனுப்ப சிக்னல் வேண்டும். அதுதான் இல்லையே! வங்கிக் கணக்கும் கேஸ் பதிவும் அந்த எண்ணில். வெளிநாட்டில் இருப்பவருக்கு வீட்டின் எண்ணாக மனப்பாடமாகத் தெரிந்ததும் அதே எண். இரண்டு நாள் வீட்டோடு பேச முடியாமல் துபையிலிருந்து பள்ளிவாசல் தரைவழித் தொலைபேசிக்குக் கூப்பிட்டு, "என் வீட்டில் எல்லோரும் நலமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள்.

ஏர்செல் மட்டுமல்ல. அனில் அம்பானியின் ஆர்காம் போனது. டாடா தன் செல்போன் வணிகத்தை ஏர்டெல்லிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்ட சந்தையில் மூன்று தனியாரும், தள்ளாடும் ஒரு அரசு நிறுவனமும் மிஞ்சின.

35-லிருந்து 199 வரை

உம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

'லைஃப் டைம்' சிம் என்று ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? ஒருமுறை பணம் கட்டினால் போதும், இன்கமிங் எப்போதும் வரும். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தியவர்கள் நாம். ஆட்டத்தில் ஆட்கள் குறைந்த பிறகு, 2018 இறுதியில், இன்கமிங் வரவேண்டுமென்றாலும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போடவேண்டும் என்று விதி வந்தது. ஏர்டெல்லின் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2019 இறுதியில் அது 45 ஆனது. பிறகு 49. 2021 ஜூலையில் 49-ஐ எடுத்துவிட்டு 79. அதே ஆண்டு நவம்பரில் 99. ஓராண்டு கழித்து வட்டம் வட்டமாக 99-ஐ நீக்கி 155 ஆக்கினார்கள். 2024 ஜூலைக்குப் பிறகு 199. மற்ற நிறுவனங்களும் இதே பாதையில் சற்று முன்பின்னாக வந்தவைதான்.

ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு மடங்கு. 2010-இலிருந்து ஒரு ஜிபியின் விலை பாதாளத்துக்கு இறங்கியது உண்மை. உலகிலேயே மலிவான டேட்டா கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமைச்சர்கள் பேசுவதும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு ஜிபிக்கு என்ன விலை என்ற அளவுகோலில்தான் நிற்கிறது. ஒரு ஜிபி கூடப் பயன்படுத்தாதவர், தன் பிள்ளை கூப்பிட்டால் மணி அடிக்கவேண்டும் என்பதற்காக மட்டும் கட்டும் தொகையைப் பார்த்தால், அவர் விலை ஏறிய உலகத்தில் வாழ்கிறார். நாளுக்கு இரண்டு ஜிபி தீர்க்கும் கல்லூரி மாணவன் விலை இறங்கிய உலகத்தில் இருக்கிறான். இருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் நமக்கு இது கண்ணில் படுவதில்லை.

கம்பெனிகள் தரப்பிலும் சொல்லவேண்டியது உண்டு. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஏஜிஆர் வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் எந்த வருமானத்தில் அரசுக்குப் பங்கு என்பதுதான் வழக்கு. தொலைபேசி வருமானம் மட்டுமல்ல, மற்ற வருமானத்திலும் பங்கு உண்டு என்ற அரசின் வாதம் வென்றது. பழைய பாக்கி, வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று பல்லாயிரம் கோடி ஒரே நாளில் தலையில் விழுந்தது. சில வாரங்களில் கட்டண உயர்வு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வோடஃபோன் ஐடியா இன்றுவரை அதிலிருந்து எழவில்லை. பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி இப்போது அதில் 49 சதவீதம் அரசு கையில் இருக்கிறது. கட்டண உயர்வைக் கேட்பவரும் அரசு, கட்டணத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி எடுப்பவரும் அரசு, உரிமக் கட்டணம் வாங்குவதும் அலைக்கற்றைத் தவணை வாங்குவதும் அரசு. நாம் ரீசார்ஜ் கடைத் தம்பியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலையில்தான் 5ஜி வந்தது. 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை ஏலம். மொத்தம் 1,50,173 கோடி. ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு எடுத்தது. ஏர்டெல் 43,084 கோடி, வோடஃபோன் ஐடியா 18,799 கோடி. ஜியோ கொடுத்ததில் ஏறக்குறைய பாதி, 700 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரு அலைவரிசைக்காக. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். 5ஜியின் முக்கிய வரிசையான 3300 மெகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எட்டுவது குறைவு. அதனால் டவர்கள் நெருக்கமாக வேண்டும், செலவும் கூடும். சென்னையில் தெருவில் 5ஜி காட்டும் போன் வீட்டுக்குள் போனதும் 4ஜிக்கு இறங்குவதற்கு இதுதான் காரணம்.

இந்த 700 மெகாஹெர்ட்ஸின் சரித்திரமே ஒரு பாடம். 2016-இல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று அரசு அடிப்படை விலை வைத்தது. ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடியாகக் குறைத்தது. அப்போதும் யாரும் வரவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு வந்தபோதுதான் ஒருவர் வாங்கினார். கிராமத்துக்கு எட்டக்கூடிய அலைவரிசை ஆறு ஆண்டுகள் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. அரசுக்கும் காசு வரவில்லை, மக்களுக்கும் சேவை வரவில்லை. விலையைப் பேராசையோடு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2010-இன் தவறை அரசு ஓரளவு உணர்ந்ததாகச் சொல்லலாம். இம்முறை முன்பணம் கேட்கவில்லை. இருபது ஆண்டுத் தவணை, 7.2 சதவீத வட்டி. ஜியோவின் ஓர் ஆண்டுத் தவணையே 7,800 கோடிக்கு மேல். இருபது ஆண்டும் இப்படியே கட்டினால் 88,000 கோடி, வட்டியோடு ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டும். கடையில் தவணைக்கு வாங்கிய எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. வித்தியாசம் ஒன்றுதான். கடையில் தவணை கட்டுவது பொருளை வாங்கியவர். இங்கே இருபது ஆண்டுத் தவணை 28 நாள் ரீசார்ஜாக உடைந்து எல்லா வீடுகளிலும் விழுகிறது, 5ஜி போன் இருக்கிறதோ இல்லையோ.

2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது. ஏர்டெல் முதல் நாளே அறிவித்த எட்டு நகரங்களில் சென்னையும் இருந்தது. ஜியோவும் அதே மாதம் சென்னைக்கு வந்தது. அன்று பத்தாயிரத்துக்குக் கீழே ஒரு 5ஜி போன் கிடையாது. விலையுயர்ந்த ஐபோன்களுக்கே டிசம்பர் வரை இங்கே 5ஜி திறக்கப்படவில்லை. ஆக, 5ஜி டேட்டாவை முதலில் அனுபவித்தவர்கள் வசதியுள்ளவர்கள். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை, 4ஜி ரீசார்ஜிலேயே எல்லையில்லாமல் கொடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படி ஓடியது. 2016-இல் பார்த்த அதே படம்தான்.

2024 ஜூனில் இன்னொரு சிறிய ஏலம் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜூன் 26 அன்று ஏலம் முடிந்தது. மறுநாளே ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது, அதற்கடுத்த நாள் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும். ஜூலை முதல் வாரத்தில் அமல். நாளுக்கு ஒன்றரை ஜிபி கொண்ட ஜியோவின் 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆனது. எல்லையில்லா 5ஜி வேண்டுமென்றால் நாளுக்கு இரண்டு ஜிபி ரீசார்ஜோ அதற்கு மேலோ போடவேண்டும் என்றும் சொன்னார்கள். 5ஜி பயன்படுத்துவோருக்கு மட்டும் விலை ஏற்றியிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் குறைந்தபட்ச ரீசார்ஜும் சேர்ந்தே ஏறியது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக 300 ரூபாய் வரவேண்டும் என்று ஏர்டெல் வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. சராசரியை ஏற்றுவதற்கு இரண்டு வழி. மேலே இருப்பவரிடம் கூடுதலாக வாங்கலாம், அல்லது கீழே இருப்பவரை மேலே தள்ளலாம். கீழே இருப்பவரைத் தள்ளுவது சுலபம். அவருக்குப் போக வேறு இடமில்லை.

ஒரு வீட்டின் கணக்கு

ஐந்து எண்கள் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று ஸ்மார்ட் போன், தலா 299. இரண்டு பட்டன் போன், தலா 199. ஒரு சுற்றுக்கு 1,295 ரூபாய். மாதம் என்று சொல்லவில்லை, சுற்று என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் 28 நாள் வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். மொத்தம் 16,835 ரூபாய். அதில் ஜிஎஸ்டி மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒன்று இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். ஆனால் போஸ்டரில் இருப்பது என்னவோ 28 நாள்தான்.

'தேவையில்லாதவர் செல்போன் வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டுமே' என்று சொல்பவர்கள் உண்டு. ரேஷன் கடையில் ஓடிபி, வங்கியில் ஓடிபி, முதியோர் உதவித்தொகை வந்ததா என்று அறியவும் குறுஞ்செய்தி. பள்ளிக்கூடம் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புகிறது. கொரோனா காலத்தில் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து நான்கு மாதம் நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. இணையம் இல்லாமல் படிப்பு இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதற்குப் பொருள். இப்படி வாழ்க்கையை முழுக்கப் போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, போன் உங்கள் விருப்பம் என்று சொல்வது சரியாகப் படவில்லை.

அரசு நிறுவனம் மாற்றாக இருந்திருக்கலாம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதும் அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடுதலாக வந்தார்கள். மக்கள் கதவைத் தட்டினார்கள், உள்ளே 4ஜி தயாராக இல்லை. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த பிஎஸ்என்எல் 4ஜி நாடு முழுவதற்கும் என்று தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. தனியார் 5ஜி தொடங்கி மூன்று ஆண்டு கழித்து! வந்தவர்களில் எத்தனையோ பேர் சிக்னல் இல்லாமல் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். இனியாவது டவர்கள் ஒழுங்காக வேலை செய்தால் தனியாருக்குக் கடிவாளம் போட அந்த ஒரு நிறுவனத்தால்தான் முடியும். நம் ஊர்ப் பக்கம் சிக்னல் எப்படி என்று ஒரு சிம் வாங்கிச் சோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. வீட்டில் இரண்டாவது எண்ணாகவாவது வைக்கலாம்.

அந்த உம்மாவின் கேள்வி டிராய்க்கும் கேட்டிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். 2024 டிசம்பரில், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத திட்டங்களை எல்லா நிறுவனங்களும் கட்டாயம் தரவேண்டும் என்று அது விதி போட்டது. 2025 ஜனவரியில் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, ஜியோவில் 448. அதாவது 28 நாளுக்கு 150 ரூபாய் அளவில். 199-உடன் ஒப்பிட்டால் நாற்பது, ஐம்பது ரூபாய் மிச்சம். டேட்டாவை முழுவதுமாக எடுத்துவிட்ட பிறகும் இவ்வளவுதான் குறைகிறது என்றால், நாம் கட்டுவதில் பெரும்பகுதி எதற்குப் போகிறது என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. 2ஜியையே மூடிவிடவேண்டும் என்று ஜியோ சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. 25 கோடிப் பேர் இன்னும் 2ஜியில் இருப்பதாக அதுவே சொன்னது. மூடினால் அந்தப் பட்டன் போன்களையும் மாற்றவேண்டியிருக்கும்.

இந்த விவரத்தையெல்லாம் படித்துக்கொண்டு மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். நெட் இல்லாத திட்டம் ஒன்று இருக்கிறதே, ஏன் சொல்லவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். அவருக்கே தெரிந்திருக்கவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆமா ஹஜ்ரத், கீழே இருக்கு" என்றார். உம்மா முந்தின நாள் ரீசார்ஜ் செய்யாமலே போயிருந்தார். அன்றும் வந்தார். நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தமா எவ்வளவு?" என்றார்.

"நானூத்தி எழுபது கிட்ட வரும் உம்மா. மூணு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மியா தாங்கும்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மடித்து வைத்த இருநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது.

"இப்போதைக்கு இதுதான் இருக்கு வாப்பா. பழையதையே போடு, மவன் ராத்திரி கூப்பிடுவான்."

நான் சட்டைப் பையில் கைவிட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். தம்பி 199 போட்டார், ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.